தோல்விக்குத் தாமே பொறுப்பேற்ற ராக்கெட் தமிழர்
வேலை தேடும் இளைஞர்களுக்கு ஒரு பாடம்

திருவனந்தபுரம்: "நீங்களே துணிந்து முடிவெடுத்த சம்பவம் ஒன்றைச் சொல்லுங்கள். அது தவறியபோது என்ன செய்தீர்கள்?"

இன்டர்வியூவுக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகளைத் திணற வைக்கும் கேள்வி இது. "எல்லோரும் சேர்ந்து செய்தோம்", "மேலதிகாரி சொன்னார்" என்று பலர் மழுப்பி விடுகிறார்கள். எப்படிப் பதில் சொல்வது என்பதற்கு இந்த ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு.

கம்ப்யூட்டர் தடுத்தது

ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம், தும்பா விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் திட்டத்தின் இயக்குநராக இருந்தார். 22 மீட்டர் உயரம், 17 டன் எடையுள்ள அந்த ராக்கெட், 1979 ஆகஸ்டு 10-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் புறப்படத் தயாராக நின்றது.

கடைசி நிமிடங்களில் கம்ப்யூட்டர் நிறுத்தச் சொன்னது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. "பாதகமில்லை, ஏவலாம்" என்பது உடனிருந்த நிபுணர்களின் கருத்து. ஏவும்படி கலாம் உத்தரவிட்டார். முதல் கட்டம் ஒழுங்காக வேலை செய்தது. இரண்டாம் கட்டத்தில் தடுமாறிய ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது.

எழுந்து நின்றார்

பின்னர் நடந்த ஆய்வுக் கூட்டத்தில், நிபுணர்களைக் காட்டிக் கலாம் தப்பித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கசிவை அற்பமாக நினைத்தது தம் தவறு, ஏவுவதை நிறுத்தியிருக்க வேண்டும், தோல்விக்குத் தாமே பொறுப்பு என்று எழுந்து சொன்னார்.

அவரது தலைவர் சதீஷ் தவானும் அதே ரகம். பத்திரிகையாளர்கள் முன் தோல்வியைத் தாம் ஏற்றுக்கொண்டார். குறைகள் சரி செய்யப்பட்டன. 1980 ஜூலை 18-ந் தேதி, 35 கிலோ எடையுள்ள ரோகிணி பூமியைச் சுற்றி வந்தது. அன்று பத்திரிகையாளர்களிடம் பேசும்படி கலாமைத்தான் அனுப்பினார் தவான்.

நாம் சொல்வது எப்படி?

நிலைமை என்ன, நான் எடுத்த முடிவு என்ன, விளைவு என்ன, பிறகு எதைத் திருத்தினேன்: இந்த வரிசையில் சொன்னால் போதும். ராக்கெட் விட்டிருக்க வேண்டியதில்லை. கடைக் கணக்கில் தம்மால் விழுந்த பிழையைத் தாமே கண்டுபிடித்து, முதலாளி கேட்கும் முன் போய்ச் சொன்னவரிடமும் நல்ல பதில் இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. அடுத்தவர் உழைப்பை "நான்" என்று சொல்லக்கூடாது. நடக்காததைச் சொல்லக்கூடாது, அடுத்த கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். இன்டர்வியூவுக்கு முன்தினம், தம் வாழ்வில் நடந்த ஒரு சம்பவத்தைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.