சில்லுக்குக் கட்டை போடும் வரை

வெருகலில் தண்டவாளம் இல்லை. றெயில் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பிள்ளைகள் மூதூரையும் கிண்ணியாவையும் தாண்டிச் சீனக்குடாவுக்குப் போகவேண்டும். 1927இல் திருகோணமலைக்குப் பாதை போட்ட நாளிலிருந்து சரக்குப் பெட்டிகள் அங்கே நிற்கின்றன. அங்குள்ள மா ஆலையின் மாவும் அவற்றில் போகிறது. சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வரும் என்ற பேச்சு 2016இல் முடிந்துபோனது. இங்கே நிலக்கரி வராவிட்டாலும், துறைமுகத்துக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போகும் எங்கள் பொடியன்கள் என்றாவது ஒரு நாள் பாரப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கத்தான் போகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நிலக்கரிச் சுரங்க முற்றங்கள் பலவற்றில் பெட்டியை இழுக்க எஞ்சின் நிற்காது. வெற்றுப் பெட்டிகளை மேட்டுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பிரேக்கைத் தளர்த்தினால், கரி கொட்டும் வாய்க்குக் கீழே அது தானாகவே உருண்டு வரும். நிரம்பியதும் இன்னும் கீழே இறங்கி நிற்கும். பெட்டியோடு போய்க் கைபிரேக்கால் அதன் வேகத்தை அடக்குபவர் ஒரே ஒரு ஆள்.

சரிவு கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. 200 மீற்றருக்கு ஒரு மீற்றர் இறக்கம் என்றால் பார்ப்பவருக்கு அது சமதரைதான். ஆனால் அந்தச் சரிவில் 80 தொன் பெட்டி ஒன்றைச் சுமார் 400 கிலோ பாரம் கீழே இழுக்கிறது. இரும்பின்மேல் இரும்பு உருளும்போது தடுக்கும் உராய்வு அதில் பாதிகூட வராது. 100 மீற்றர் உருண்டதும் பெட்டி மணிக்கு எட்டு ஒன்பது கிலோமீற்றர் வேகத்தைப் பிடித்துவிடும். லொறியைப் போல இரைச்சலும் இல்லை; முதுகுக்குப் பின்னால் வந்தாலும் கேட்காது.

ஆகவே பெட்டியைத் தொடுவதற்கு முன் பாதை முழுவதையும் நடந்து பார்க்கவேண்டும். சிந்திய கரி தண்டவாளத்தின் உட்பக்கத்தில் இறுகிக் கிடந்தால் சில்லு ஏறித் தடம்புரளும். பக்கத்துப் பாதையில் நிற்கும் பெட்டிக்கும் இதற்கும் இடைவெளி போதுமா, யாராவது நிழலுக்குப் பெட்டியடியில் ஒதுங்கியிருக்கிறார்களா என்றும் பார்க்கவேண்டும். எங்கள் வெயிலில் இந்தக் கடைசிக் கேள்வியை ஒருநாளும் விடக்கூடாது.

அடுத்தது பிரேக். நிற்கும் பெட்டி உருளாமல் வைத்த கட்டைகள் சில்லின் கீழ் இருக்கும்போதே கைபிரேக்கை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கிப் பார்க்கவேண்டும். சங்கிலி தளர்ந்திருந்தாலோ பிரேக் சில்லைப் பிடிக்காவிட்டாலோ அந்தப் பெட்டியை உருளவிடக்கூடாது. திருத்திய பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெட்டியோடு இறங்குபவர் பாதுகாப்புப் பட்டி கட்டிக்கொள்ளவேண்டும் என்று அமெரிக்க நிலக்கரிச் சுரங்க விதிகள் சொல்கின்றன. நியாயமான விதி, கால் வழுக்கினால் அவர் விழுவது அந்தச் சில்லின் முன்னால்தான்.

பிறகு உரக்கக் குரல் கொடுத்து, கீழே நிற்பவர் கைகாட்டிய பின்பே கட்டையை எடுக்கவேண்டும். எடுப்பவர் தண்டவாளத்துக்கு வெளியே நிற்கவேண்டும். உள்ளே குனிந்து இழுக்கவே கூடாது. பெட்டி மனிதர் நடக்கும் வேகத்தைத் தாண்டக்கூடாது; தாண்டுகிறது என்று தோன்றும்போதே பிரேக்கை இறுக்கவேண்டும். வேகம் பிடித்த பிறகு இறுக்கினால் சில்லு நின்றுவிடும், பெட்டி சறுக்கிக்கொண்டே போகும். எஞ்சின் தள்ளும் இடமாக இருந்தால் முன்பெட்டிப் பக்கம் ஒருவர் நின்று வழி பார்க்கவேண்டும். அவர் சாரதியின் கண்ணிலிருந்து மறைந்த கணமே எஞ்சின் நிற்கவேண்டும்.

பெட்டிகளைக் கொளுவும் வேலையில் போன கைகள் எத்தனையோ. ஓடும் பெட்டிகளின் நடுவே எந்தக் காரணத்துக்காகவும் போகக்கூடாது. வளைவில் உட்பக்கமாக நின்று கொளுவவும் கூடாது, கழற்றவும் கூடாது. வளைவின் உட்பக்கத்தில் பெட்டிகளின் மூலைகள் ஒன்றையொன்று நெருங்கும்; அந்த இடுக்கு ஆளை நசுக்கிவிடும்.

இனி நிறுத்துவது. என் கணக்கில் இதுதான் வேலையின் பாதி. காற்றுப் பிரேக் பிடித்திருக்கிறது, போதும் என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். குழாயில் காற்று மெல்ல மெல்லக் கசியும். மணித்தியாலங்கள் கழித்து, யாரும் இல்லாத நேரத்தில், பிரேக் தளரும். 2013 ஜூலை 6 அதிகாலையில் கனடாவின் லாக்-மெகான்டிக் ஊரில் நடந்தது அதுதான். மேட்டில் நிறுத்திவைத்த 72 எண்ணெய்த் தாங்கிப் பெட்டிகள்; எஞ்சின் நின்றுபோனதால் காற்று இறங்கிவிட்டது. இறுக்கியிருந்த ஏழு கைபிரேக்குகள் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. உருண்டு ஊருக்குள் புகுந்த தொடரால் 47 பேர் எரிந்து மாண்டார்கள்.

அதனால் காற்றை நம்பாமல் கைபிரேக்கை இறுக்கி, அது பிடிக்கிறதா என்று தள்ளிப் பார்த்து, அதற்கும் மேல் கட்டை போடவேண்டும். தேரோட்டத்தில் சில்லுக்குக் கட்டை போடுபவரை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிப்பவர்கள் நூறு பேர் இருந்தாலும், தேரை நிறுத்துவது அவர் கைக்கட்டைதான். தேருக்கு முன் அவர் நிற்கும் விதத்தையும், கட்டையை வைத்தவுடன் விலகும் விதத்தையும் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். சரிவின் கீழ்ப்பக்கச் சில்லுக்குக் கட்டாயம் கட்டை வேண்டும். இரு தண்டவாளத்திலும் வைத்தால் நல்லது. அதற்கும் கீழே, ஓடிவரும் பெட்டியைத் தடம்புரட்டி நிறுத்தும் இரும்புத் தடுப்பைப் பூட்டி வைக்கவேண்டும். பெட்டி கவிழ்ந்தால் நிமிர்த்தலாம்.

கடைசியாக, எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது, எத்தனை பிரேக், எத்தனை கட்டை என்பதை அடுத்த முறைக்கு வருபவரிடம் நேரில் சொல்லி, தடுப்பின் திறப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.