உழவு இயந்திரக் கியர்ப்பெட்டியின் மின்னிணைப்பு

கமக்காரர் கவனத்திற்கு: மட்டக்களப்பு வாவியை அடுத்த படுவான்கரை வயல்களிலும் எழுவான்கரை மரக்கறித் தோட்டங்களிலும் சேறும் உவர் ஈரமும் செப்புக் கம்பிகளிற் பச்சைக் களிம்பை உண்டாக்கும்.

நான்கு சில்லு உழவு இயந்திரங்கள் பலவற்றின் கியர்ப்பெட்டியில் ஓர் ஆளி உண்டு. கியர் நியூட்ரலில் இருந்தாலன்றி அது ஸ்டார்ட்டருக்கு மின்னைச் செல்ல விடாது. அதன் இணைப்பிற் களிம்பேறினால், பற்றரி நன்றாயிருந்தும் இயந்திரம் தொடங்காது. அப்போது சிலர் இரு கம்பிகளையும் நேரே முறுக்கிவிடுவர். இது பேராபத்து. கியர் விழுந்திருக்கையில் இயந்திரம் தொடங்கிப் பாய்ந்து, அருகில் நிற்பவர்மேல் ஏறிவிடும்.

செய்யவேண்டியவை:

1. திறப்பை எடுத்து, சில்லுகளுக்கு அடை வைத்து, பற்றரியின் மறைமுனைக் கம்பியை முதலிற் கழற்றுக.

2. கம்பியை இழுக்காது இணைப்பைக் கழற்றி, சேற்றைத் துடைத்து உலர்த்தி, சிறு தூரிகையாற் களிம்பை நீக்குக.

3. கறுத்த கம்பியைப் பளிச்சிடும் செம்பு தோன்றும்வரை வெட்டிப் புதிய முனை பொருத்துக.

4. இணைப்பைப் பூட்டியபின் வெளிப்புறம் வாசலீன் பூசி, புகைக்குழாயிற் படாது கட்டுக.

5. பற்றரியை இணைத்து, அடையை நீக்கி, ஆளில்லா வெளியில், இருக்கையில் அமர்ந்து பிறேக்கையும் கிளச்சையும் மிதித்தபடி சோதிக்க. கியரில் தொடங்கலாகாது, நியூட்ரலில் தொடங்கவேண்டும்.

ஆளியே பழுதாயின் புதிது பூட்டுக. கம்பிகளை ஒருபோதும் முறுக்கிவிடற்க.