தையலும் ஒரு படிப்புத்தான்

லண்டனுக்கு வந்த புதிதில் எம்மவரில் பலர் தையல் மெசினில் இருந்துதான் வீட்டு வாடகை கட்டினோம். ஆனாலும் பிள்ளை உடுப்பு வடிவமைப்புப் படிக்கப்போவதாகச் சொன்னால் எங்கள் முகம் சுருங்குகிறது. டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன்; இவற்றை விட்டால் வேறு படிப்பில்லை என்று இருக்கிறோம்.

இந்த நகரத்தில் தையல் நூறு வருடத்துக்கு மேலாகப் படிப்பிக்கப்படும் தொழில். 1906 இல் ஷோடிச்சிலும் 1915 இல் பரட் வீதியிலும் பெண்பிள்ளைகளுக்குத் தொழிற்பள்ளிகள் தொடங்கின. அவை பின்னர் ஒன்றாகி, 1974 இல் லண்டன் கொலிஜ் ஒஃப் பஷன் என்று பெயர் பெற்றன. 2023 இல் அக்கல்லூரி ஸ்ரட்போர்ட் ஒலிம்பிக் பூங்காவுக்கு வந்துவிட்டது. ஈஸ்ட்ஹாமில் இருப்பவர்களுக்கு அது கூப்பிடு தூரம்.

அங்கே 2008 இல் டிலிஸ் வில்லியம்ஸ் என்ற அம்மையார், பூமிக்குக் கேடில்லாமல் உடுப்பு வடிவமைப்பதற்கென ஒரு நிலையத்தை ஆரம்பித்தார். இதை நிலைபேறான வடிவமைப்பு என்கிறார்கள். 2018 இல் இதைப் பற்றி எவரும் வீட்டிலிருந்தே இலவசமாகக் கணனியில் படிக்க ஒரு பாடமும் தொடங்கினார்கள்.

கணனிக்கு இதில் என்ன வேலை? பக்டரியில் வெட்டுமேசைக்குக் கீழே பின்னேரத்தில் எத்தனை பை துண்டுத்துணி சேருகிறது என்று எங்களுக்குத் தெரியும். அளவுக் கடதாசிகளைத் திரையில் திருப்பித் திருப்பி நெருக்கமாக அடுக்கினால் அந்த வீண் குறையும். மாதிரிச் சட்டையைத் தைக்காமலே திரையில் ஓர் உருவத்துக்கு உடுத்திப் பார்த்துப் பிழை திருத்தலாம். துணியும் மிச்சம், நேரமும் மிச்சம்.

மாணவர்கள் தனியே இருந்து படிப்பதில்லை. கூட்டாகவும் வேலை செய்கிறார்கள். அந்த நிலையம் கிழக்கு லண்டனில் அகதிகளோடும் சேர்ந்து ஒரு திட்டம் நடத்தியது. வந்தவர்கள் தங்கள் கதையையும் கைவேலையையும் துணியில் பதித்தார்கள். அகதியின் கைப்பழக்கத்தையும் அறிவாக மதித்த வேலை அது.

அப்பாவின் பழைய வேட்டியில் பிள்ளைக்குச் சட்டை தைத்த அம்மாக்களின் பிள்ளைகள் நாங்கள். வீணாக்காமல் தைக்க எங்களுக்கு ஒருவரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. கணனியும் வடிவமைப்பும்தான் எங்களிடம் இல்லாதவை. அவற்றை எங்கள் பிள்ளைகள் படிக்கட்டும்.

இத்துறையில் சேரச் சோதனைப் புள்ளிகளோடு, பிள்ளை வரைந்த, தைத்த வேலைகளின் தொகுப்பையும் கேட்பார்கள். ஆகவே இப்போதே சேர்த்து வையுங்கள். அகதி அந்தஸ்துக் கிடைத்த குடும்பத்துப் பிள்ளைகள் பொதுவாக உள்நாட்டு மாணவர் கட்டணத்திலேயே படிக்கலாம். இதைக் கல்லூரியில் நேரே கேட்டு உறுதிப்படுத்துங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.