புழுவுக்குள் புகும் புழு

பூச்சிகளின் உடலில் நமக்கு இருப்பது போன்ற எதிர்ப்பான்கள் இல்லை. அதற்காக அவற்றைக் காவலற்றவை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கம்பளிப்புழுவுக்குள் அந்நியப் பொருள் நுழைந்தால் ரத்த அணுக்கள் ஓடிவந்து அதை மொய்க்கும். அடுக்கடுக்காகப் படிந்து கெட்டியான உறையாக மூடும். பிறகு மெலனின் என்ற கறுப்பு நிறமி ஊறி, உள்ளே சிக்கிய ஒட்டுண்ணி செத்துப்போகும். பாக்டீரியாவைக் கொல்லத் தனிப் புரதங்களும் உண்டு. அவற்றில் ஒன்றான செக்ரோபினைப் பட்டு அந்துப்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழுவில் கண்டறிந்து 1981-இல் வெளியிட்டது சுவீடனின் ஹான்ஸ் போமன் குழு.

இத்தனை காவலையும் மீறி, அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள நூற்புழு ஒன்றிரண்டு நாளில் பூச்சியைச் சாய்த்துவிடுகிறது. ஸ்டெய்னர்னீமா, ஹெட்டிரோராப்டைட்டிஸ் ஆகிய இரு பேரினங்கள் இதில் கைதேர்ந்தவை. வாய், ஆசனவாய், மூச்சுத்துளை என்று கிடைத்த வழியில் நுழையும். ஹெட்டிரோராப்டைட்டிஸுக்குத் தோலைக் கிழிக்க ஒரு சிறு பல்லும் இருக்கிறது. இரண்டுமே குடலுக்குள் தமக்கென்று ஒரு பாக்டீரியாவைச் சுமந்து வருகின்றன.

ரத்தத்துக்குள் வந்த புழுவுக்கு முதல் சில மணி நேரம்தான் கண்டம். அதைக் கடக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. ஸ்டெய்னர்னீமா ஃபெல்டியேயின் மேல்தோலில் உள்ள கொழுப்புப் பொருள்கள் ரத்த அணுக்களின் கண்ணில் படாமல் அதைக் காக்கின்றன. அதோடு, அந்நியரை அடையாளம் காட்ட வேண்டிய பூச்சியின் புரதங்களையே அந்தத் தோல் தன்மேல் ஈர்த்துக்கொள்கிறது. நியூஜெர்சியில் ஜப்பானிய வண்டின் புழுக்களில் 1929-இல் கண்டெடுக்கப்பட்ட ஸ்டெய்னர்னீமா கிளாசெரி ஒளிவதோடு நிற்பதில்லை; அதன் மேற்பரப்புப் புரதங்கள் அந்த வண்டின் எதிர்ப்பையே அடக்குகின்றன. அதே வண்டுக்குள் நுழையும் ஹெட்டிரோராப்டைட்டிஸ் பாக்டீரியோஃபோரா பெரும்பாலும் உறைக்குள் சிக்கிக்கொள்கிறது. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி இல்லை.

இனி பாக்டீரியாவின் முறை. எனக்கு மிகவும் வியப்பூட்டுவது இந்தக் கட்டம்தான். ரத்த அணுக்கள் ஒன்றுகூட வேண்டுமானால் அவற்றுக்கு ஒரு சைகை போய்ச்சேர வேண்டும். அந்தச் சைகை ஐகோசனாய்டு என்ற கொழுப்பு மூலக்கூறு. நம் உடலில் வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டினும் இதே குடும்பம்தான். இதைத் தயாரிக்கத் தேவையான மூலப்பொருள் அராகிடோனிக் அமிலம். அதை உயிரணுச் சவ்விலிருந்து விடுவிக்கும் நொதியை ஸ்டெய்னர்னீமாவோடு வரும் ஸினோராப்டஸ் முடக்கிவிடுகிறது. அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, ஆனால் அழைப்பு வராததால் திரள்வதில்லை. இதைத் தென்கொரிய ஆய்வாளர்கள் 2000-இல் தெளிவாகக் காட்டினார்கள். நோய் கண்ட கம்பளிப்புழுக்களுக்கு அராகிடோனிக் அமிலத்தை ஊசியால் செலுத்தியபோது சாவு குறைந்தது.

ஹெட்டிரோராப்டைட்டிஸோடு வரும் ஃபோட்டோராப்டஸின் வழி வேறு. அது சுரக்கும் ஸ்டில்பீன் என்ற சேர்மம், மெலனினை உருவாக்கும் நொதியைத் தடுக்கிறது. பிற பாக்டீரியாக்கள் அண்டி உடலை அழுகவைக்காமல் பார்த்துக்கொள்வதும் அதே சேர்மம்தான். செத்த புழு செங்கல் நிறமாகி, இருட்டில் மங்கலாக ஒளிரும். அதற்குள் நூற்புழுக்கள் பாக்டீரியாவைத் தின்று பெருகி, ஓரிரு வாரத்தில் புதிய தலைமுறையாக மண்ணுக்குள் இறங்கும். பெரிய புழு ஒன்றிலிருந்து வெளிவருபவை ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடும்.

இந்தக் கூட்டத்தில் நம் மண்ணுக்குரிய ஒன்றும் உண்டு. கோயம்புத்தூரில் கிடைத்து 1992-இல் பெயரிடப்பட்ட ஹெட்டிரோராப்டைட்டிஸ் இண்டிகா வெப்பத்தைத் தாங்கும். வேர்ப்புழுவுக்கு எதிராக இன்று இதை வயலில் விடுகிறார்கள். பயிரின் வேரில் முடிச்சுப் போடும் நூற்புழு வேறு, இது வேறு. இது பயிரைத் தொடாது. இதை வாங்கும் விவசாயிகள், கரைசலில் ஒரு சொட்டைக் கைலென்ஸில் வைத்துப் புழு நெளிகிறதா என்று பாருங்கள். நெளிந்தால் மாலையில், மண்ணில் ஈரம் இருக்கும்போது ஊற்றுங்கள். வெயில் பட்டாலோ மண் காய்ந்தாலோ அவை பிழைக்காது.