டீசல் எஞ்சினைத் தாங்கியில் ஏற்றல்

உழவு இயந்திரத்தின் டீசல் எஞ்சினைப் பிரித்துப் பழுதுபார்ப்பதற்குச் சிறு மோட்டார் வண்டிகளுக்கென ஆக்கப்பட்ட தாங்கி உதவாது. தாங்கியிற் குறித்துள்ள பாரஅளவு எஞ்சினின் நிறையிலும் நன்கு கூடியதாயிருத்தல் வேண்டும். எண்ணெயை வடித்து, பறப்புச் சில்லைக் கழற்றிய பின்னரே பின்முகத்தைத் தாங்கியிற் பூட்டலாம்.

விபத்து பெரும்பாலும் எஞ்சினைத் திருப்பும்போதே நேரும். அதன் பாரமையம் தாங்கியின் சுழலச்சுக்கு மேலேயிருப்பின், பூட்டூசியை இழுத்த கணமே எஞ்சின் தானாகப் புரளும். சுழன்றுவரும் கைபிடி, பிடித்தவரின் கையை முறித்துவிடவுங் கூடும். சிலிண்டர் தலையையோ சுழற்றித் தண்டையோ கழற்றியதும் பாரமையம் இடம்மாறும். காலையில் அசையாது நின்ற எஞ்சின் மாலையிற் புரள்வது இதனாலேயே. ஆகவே ஒவ்வொரு முறையும் சங்கிலிக் கப்பியைச் சிறிதளவே தளர்த்தி எஞ்சினின் மேற்புறத்திற் கொளுவிவைத்து, கைபிடியை இறுகப் பற்றிக்கொண்டே ஊசியை நீக்குதல் வேண்டும். மண்தரையில் தாங்கியின் சில்லுகள் புதையும். சீமெந்துத் தரையே ஏற்றது.