பல்லின் வேரை அடைக்கும் பசை: எது உயர்ந்தது?

"பல் போனால் சொல் போச்சு" என்பது பழமொழி. ஒரு காலத்தில் சொத்தைப் பல் வலித்தால் குறடு ஒன்றுதான் கதி. இப்போது வேர்ச் சிகிச்சை செய்து சொந்தப் பல்லையே காப்பாற்றிவிடுகிறார்கள்.

பல்லின் நடுவே மெல்லிய குழாய் ஓடுகிறது. நரம்பும் ரத்த நாளங்களும் கொண்ட கூழ் அதற்குள் இருக்கிறது. சொத்தை ஆழமாகிக் கிருமிகள் உள்ளே புகுந்தால் கூழ் அழுகிவிடும். வேர் நுனியில் சீழ் கட்டும். பல் டாக்டர் கூழை எடுத்து, குழாயை அராவி, மருந்து நீரால் கழுவி, பிறகு அதை அடைக்கிறார்.

அடைப்பதற்கு உதவுவது 'கட்டாபெர்ச்சா' குச்சி. மலேசியக் காடுகளில் உள்ள ஒரு மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் பொருள் இது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அக்காலத்தில் உறையிட்டதும் இதனால்தான்!

ஆனால் குச்சி வேரின் சுவரோடு தானாக ஒட்டாது. இடையிலுள்ள சந்துகளை ஒரு பசை நிரப்ப வேண்டும். அதற்குப் பெயர் 'சீலர்'. செங்கற்களுக்கு நடுவே கலவை எப்படியோ, அப்படி.

எலிகள் சொன்ன பாடம்

இந்தச் சிறு சந்துக்கு ஏன் இவ்வளவு கவலை? 1965-ல் அமெரிக்காவில் ககெஹாஷி, ஸ்டான்லி, பிட்ஸ்ஜெரால்டு ஆகிய மூவர் எலிகளின் பல்லைத் துளைத்துச் சோதித்தார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளுக்கோ காயம் ஆறியது! கெடுப்பது கிருமியே. அதற்கு வழி விடாததே பசையின் வேலை.

கிராம்பு எண்ணெய்

பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். அந்தத் தைலத்தின் சத்தான யூஜினாலைத் துத்தநாக ஆக்ஸைடு பொடியுடன் குழைத்தால் பசை தயார். விலை மலிவு. மறு சிகிச்சை தேவைப்பட்டால் எளிதில் எடுக்கலாம். ஆனால் நாளடைவில் கொஞ்சம் கரையும். மேலே வைக்கும் வெள்ளைப் பிசின் அடைப்பு சரியாக இறுகுவதையும் இது தடுக்கும்.

எபாக்ஸி பிசின்

ஸ்விட்சர்லாந்து டாக்டர் ஷ்ரோடர் 1954-ல் வெளியிட்டது எபாக்ஸி பிசின் பசை. மரத்தையும் இரும்பையும் ஒட்டும் பசையின் இனம். சுவரை நன்றாகப் பற்றும். மிகக் குறைவாகவே கரையும். புதுப் பசைகளை இன்றும் இதோடு ஒப்பிட்டே எடை போடுகிறார்கள்.

சிமெண்டு

புதிதாக வந்தது 'பயோசெராமிக்'. வீடு கட்டும் சிமெண்டுக்கு உறவு. வேரிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே இறுகும். அப்போது உண்டாகும் காரம் கிருமிகளுக்குப் பகை. உடல் இதை நன்கு ஏற்கும். விலை அதிகம். இறுகிய பிறகு தோண்டி எடுப்பது கடினம்.

எச்சரிக்கை!

பார்மால்டிஹைடு கலந்த பசைகளும் முன்பு புழங்கின. அவை கீழ்த்தாடையில் வேர் நுனியைத் தாண்டி நரம்பில் பட்டால் உதடு நிரந்தரமாக மரத்துப் போகலாம். அவற்றை நிபுணர்கள் ஒதுக்கிவிட்டார்கள். உங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

முடிவு என்ன?

எல்லாக் குணமும் நிறைந்த பசை இன்னும் பிறக்கவில்லை. எபாக்ஸிக்கும் பயோசெராமிக்குக்கும் இடையே சிகிச்சை வெற்றியில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. பசைப் படலம் ஒரு மில்லிமீட்டரில் 20-ல் ஒரு பங்குக்கு மேல் தடிக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. அவ்வளவு மெல்லிய பூச்சு, சுத்தம் செய்யாத குழாயைக் காப்பாற்றுமா? முதலில் கழுவுவது நன்றாக இருக்க வேண்டும். பசை அதற்கு அடுத்ததே.

நோயாளிக்கும் ஒரு கடமை உண்டு. வலி நின்றதும் பலர் 'கேப்' போட வருவதில்லை. தற்காலிக அடைப்பு தேய்ந்து, எச்சில் வழியே கிருமிகள் மறுபடி இறங்குகின்றன. எவ்வளவு விலையுயர்ந்த பசையானாலும் அப்போது வீண்தான். டாக்டர் சொன்ன நாளில் போய் மூடிக்கொண்டால் பல் பிழைக்கும்.