பெற்றோர் வராத பெற்றோர் குழு

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி மார்க்கமாகச் செல்லும் பெருஞ்சாலையில், சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும், நெல்லும் மணிலாக்கொட்டையுமே அவ்வூருக்கும் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் ஜீவாதாரம். சோமாசிபாடி, வேட்டவலம் முதலிய ஊர்களை உள்ளிட்ட அத்தாலுகாவில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளிக்கூடமே புகலிடம். அப்பள்ளிகளைப் பற்றி நம் அரசியல் ஊழியர்கள் மேடையிற் பேசாத நாளில்லை. கட்டடம் வேண்டும், உபாத்தியாயர் வேண்டும், சுற்றுச்சுவர் வேண்டும் என்று மகஜர்களுக்கும் குறைவில்லை. ஆனால் அப்பள்ளிகளின் நடைமுறையைக் கண்காணிக்கும் உரிமை சட்டப்படி யாருக்கு இருக்கிறது என்று கேட்டால், நம்மிற் பலர் உடனே கல்வி அதிகாரியின் அலுவலகத்தைச் சுட்டிக் காட்டுவர். அவ்விடை பாதிதான் சரி.

2009-ம் வருஷத்து இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, பள்ளி தோறும் ஒரு மேலாண்மைக் குழு அமைய வேண்டுமென்று விதிக்கிறது. அக்குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாதோர் மாணவரின் பெற்றோர் அல்லது பாதுகாவலராயிருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாயிருக்க வேண்டும். நலிந்த வகுப்பாருக்கு அவர்தம் தொகைக்கேற்ற இடம் அளிக்க வேண்டும். பள்ளியின் நடைமுறையைக் கண்காணிப்பதும், அபிவிருத்தித் திட்டம் வகுப்பதும், வந்த பணம் எவ்வாறு செலவாயிற்று என்று பார்ப்பதும் அதன் கடமைகள். நம் மாநிலத்தில் 2022-ல் இக்குழுக்கள் 20 பேர் கொண்டனவாகத் திருத்தியமைக்கப் பெற்றன. தலைமைப் பதவி தாய்மார்க்கு ஒதுக்கப்பட்டது. 2024-ல் முன்னாள் மாணவர்க்கும் இடங் கொடுத்து 24 பேராக விரித்தனர். காகிதத்திற் பார்த்தால், கூலி வேலை செய்யும் ஒரு தாய் தலைமை உபாத்தியாயரை நோக்கி, "இந்தப் பணம் எங்கே போயிற்று?" என்று கேட்கலாம். இத்தகைய அதிகாரத்தை நம் நாட்டுச் சட்டம் வேறெந்த ஏழைக்கும் இவ்வளவு அருகிற் கொண்டுவந்து வைத்ததில்லை என்பது நமது அபிப்பிராயம்.

இவ்வுரிமை எளிதில் வந்ததுமன்று. கோபால கிருஷ்ண கோகலே 1911-ல் ஆரம்பக் கல்வி மசோதாவை இம்பீரியல் சட்டசபையிற் கொண்டுவந்தபோது, ஸ்தல ஸ்தாபனங்கள் விரும்பினால் தம் எல்லைக்குள் கட்டாயக் கல்வியை ஏற்படுத்தலாம் என்ற அளவுக்கே கேட்டார். அந்தச் சிறு கோரிக்கையும் 1912-ல் 13 வோட்டுக்கு எதிராக 38 வோட்டுகளால் தள்ளப்பட்டது. பின்னர்ப் பாரதியார் கிராமத்தார் தாமே கூடித் தேசீயப் பாடசாலை ஏற்படுத்திக்கொள்ளும் முறையை விவரித்து எழுதினார். அந்நிய ஸர்க்கார் தராவிடின் நாமே செய்துகொள்வோம் என்பது அக்காலத்து மனப்பான்மை.

அம்மனப்பான்மை சுதந்திரத்திற்குப் பிறகும் சிறிது காலம் மங்காமல் இருந்தது. காமராஜர் முதன்மந்திரியாயிருந்த 1956-ம் வருஷத்தில் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியபோது, அது ஊரார் உதவியாற் பிறந்த காரியம். பின்னர் ஸர்க்கார் பங்கேற்றபோதும், ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசை ஸர்க்காரும் நாலு காசை ஊரும் ஏற்பதென்று வகுக்கப்பட்டது. அந்த நாலு காசில்தான் விசேஷம் இருந்தது. நாலு காசு கொடுத்தவன் சோறு வெந்திருக்கிறதா என்று பார்க்க வருவான். வந்தவன் கூரை ஒழுகுவதையும் காண்பான். 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிப் பல ஊர்களிலும் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நிலமாகவும், பெஞ்சாகவும், கரும்பலகையாகவும், கடிகாரமாகவும், பிள்ளைகளுக்குச் சீருடையாகவும் ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்தனர். கல்வித்துறைத் தலைவராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவ்வியக்கத்தின் உயிராயிருந்தார். பின்னாளில் ஸர்க்கார் முழுச் செலவையும் ஏற்றது நியாயமே. ஏழையின் பிள்ளைக்குச் சோறிடுவது தர்மகர்த்தாக்களின் தயவைப் பொறுத்ததாக இருத்தலாகாது. ஆனால் நாலு காசு நின்றபோது, அதனுடன் ஊரார் பள்ளிக்கு நடந்துவந்த வழியும் தூர்ந்து போயிற்று.

இன்று சட்டம் அவ்வழியை மீண்டும் திறந்திருக்கிறது. நடப்பவர்தாம் குறைவு. காரணம் பெற்றோரின் அசிரத்தை என்று கூறுவது எளிது. அதனை நாம் ஒப்பமாட்டோம். குழுவின் கூட்டம் வேலை நாளில் பிற்பகலில் கூடுவது வழக்கமாயிருக்கிறது. நடவுக் காலத்திலும் மணிலாக்கொட்டை பிடுங்கும் காலத்திலும் அவ்வேளையில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துத் தாய் எங்கே இருப்பாள்? வயலில் இருப்பாள். கூட்டத்துக்கு வந்தால் அன்றையக் கூலியை இழப்பாள். மாதச் சம்பளம் பெறுவோருக்கு ஒரு மணி நேரக் கூட்டம். அவளுக்கோ ஒரு நாள் அரிசி. இதனைக் கருதாமல் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "பெற்றோர்க்கு ஆர்வமில்லை" என்று எழுதி முடிப்பது பெரும் அநியாயம்.

இரண்டாவது தடையைச் சொல்வதற்கு நமக்கே வெட்கமாயிருக்கிறது. தலைவி ஸ்தானம் பெண்ணுக்கு என்று விதித்தால், அவள் பெயரில் கணவனோ மைத்துனனோ வந்து நாற்காலியில் அமர்வது நம் பஞ்சாயத்துகளில் நெடுநாளாகக் காணும் காட்சி. பள்ளிக் குழுவுக்கும் அந்நோய் தொற்றாமலிருக்கக் காரணமில்லை. தீர்மானப் புத்தகம் வீட்டுக்குப் போய்க் கையெழுத்துடன் திரும்பினால், அதைக் கூட்டம் என்று கூறுவதெங்ஙனம்? இதனைத் தடுக்கக்கூடியவர்கள் உள்ளூர் அரசியல் ஊழியர்களே. ஆனால் அவர்களிற் பலருடைய சொந்தக் குழந்தைகள் மஞ்சள் பஸ்ஸில் ஏறித் தனியார் ஆங்கிலப் பள்ளிக்குப் போகின்றன. தன் பிள்ளை படியாத பள்ளியின் கூரையை அண்ணாந்து பார்ப்பவன் அரியன்.

கூரையைப் பற்றிக் கூறுவது அலங்காரத்துக்காக அன்று. 2004-ம் வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். சமையற்கட்டின் நெருப்பும், கீற்றுக் கூரையும், குறுகிய படிக்கட்டும் அங்கே பல நாட்களாக எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தவைதாம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர் இறந்தனர். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் விசாரணையும் சுற்றறிக்கையும் வருகின்றன; இடியும் கட்டடங்களைக் கணக்கெடுக்கின்றனர். இவை வேண்டியனவே. எனினும் வருஷத்துக்கு ஒரு முறை வரும் அதிகாரியைக் காட்டிலும், தினந்தோறும் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாய் சுவரின் விரிசலை முன்னரே காண்பாள். அவள் கண்டதைச் சொல்ல ஒரு இடமும், சொன்னதை எழுத ஒரு புத்தகமும், எழுதியதற்குப் பதில் கேட்க ஒரு அதிகாரமும் வேண்டும். மேலாண்மைக் குழு இம்மூன்றுமாம்.

கீழ்பென்னாத்தூருக்கு வேறு கவலைகளும் உண்டு. கனத்த லாரிகளும் பஸ்களும் விரையும் பெருஞ்சாலையைக் கடந்து பள்ளிக்கு வரும் சிறுவர் அநேகர். சுவரில்லாத கிணறுகளும் மழைக்காலத்தில் நிரம்பும் ஏரிகளும் இப்பிரதேசமெங்கும் உள்ளன. எந்த இடத்தில் வேகத்தடை வேண்டும், எந்தக் கிணற்றுக்கு வேலி வேண்டும் என்பதை அந்தந்தத் தெருவிலிருந்து பிள்ளையை அனுப்புகிறவர்களே திட்டமாகச் சொல்ல வல்லவர். சென்னையில் அமர்ந்திருப்போர் அறிவதற்கில்லை.

தாய்மார் வரமாட்டார்கள் என்ற வாதத்தை நம் கண்முன்னே பொய்யாக்கிய காரியங்கள் இரண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தில், சமைக்கும் சுய உதவிக் குழுப் பெண்ணின் பிள்ளையும் அதே பள்ளியிற் படிக்க வேண்டுமென்று விதித்தனர். இதனினும் சிறந்த பரிசோதகரை எந்த இலாகாவும் நியமிக்க முடியாது. தன் பிள்ளை உண்ணும் உப்புமாவில் எவள்தான் புழுத்த ரவையைப் போடுவாள்? விடியுமுன் எழுந்து அவர்கள் வருகின்றனர். மற்றொன்று, கொள்ளை நோய்க் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தை மறந்தபோது, 2021 அக்டோபரில் விழுப்புரம் ஜில்லாவின் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பெற்ற இல்லம் தேடிக் கல்வி. மாலையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்கள் பாடம் சொன்னார்கள். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். அந்த மாலை வகுப்பைப் பெற்றோர் தம் கண்ணாற் கண்டனர். வேலை முடிந்த வேளையும் வீட்டருகான இடமும் வாய்த்தால் ஜனங்கள் வருவர் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

படிப்பிலே பிள்ளை முன்னேறுவதும் இதனோடு பிணைந்ததே. ஒரு பெண் பத்தாம் வகுப்பில் தொடர்ந்து நாலு நாள் வராவிட்டால், உபாத்தியாயர் "ஆப்ஸெண்ட்" என்று குறிப்பார். அவளுக்குப் பதினெட்டு வயது நிரம்புமுன் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதோ, குடும்பமே கரும்பு வெட்டவோ பெங்களூரில் கட்டட வேலைக்கோ புறப்பட்டு விட்டது என்பதோ அடுத்த வீட்டுக்காரிக்குத்தான் முதலில் தெரியும். அடுத்த வீட்டுக்காரி குழுவில் இருந்தால் அச்செய்தி மறுநாளே பள்ளிக்கு வரும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் போகும். இல்லையேல் பெயரை நீக்கியபின் புள்ளி விவரமாக வரும். உபாத்தியாயர்களை நாம் குறை கூறவில்லை; கேட்கும் விவரங்களை எல்லாம் கைபேசியில் ஏற்றுவதற்கே அவர்களுக்குப் பொழுது போதவில்லை.

ஆகவே கீழ்பென்னாத்தூர்த் தாலுகாவிலுள்ள ஊழியர்கள், எக்கட்சியைச் சேர்ந்தவராயினும், ஒரு காரியம் செய்ய வேண்டுகிறோம். கூட்டத்தை விளக்கு வைத்த பின்பு, அல்லது ஞாயிற்றுக்கிழமையில் கூட்டும்படி தலைமை உபாத்தியாயரையும் கல்வி அதிகாரிகளையும் கேளுங்கள். விதி இடங்கொடாவிடின் விதியைத் திருத்தக் கேளுங்கள். அன்று கட்சித் துண்டை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். காலனித் தெருவிலிருந்து வரும் உறுப்பினருக்கும் மற்றவர்க்கும் ஒரே வகை நாற்காலி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சென்ற வருஷம் பள்ளிக்கு வந்த மானியம் எவ்வளவு, எதற்குச் செலவாயிற்று என்பதை யாரேனும் உரக்கப் படிக்கட்டும். தலைவியாகிய தாய் பேசத் தொடங்கும்போது, அவள் கணவர் குறுக்கிட்டால், அவரைத் தயவாக வெளித்திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள்.